சிட்டி ரோபோவும் நாமும்: வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் உள்ள ஊர் குண்டடம். அங்கிருந்து வாசகர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக வேலை பார்க்கிறார். மகளின் படிப்புக்காகச் சென்ற மாதம்தான் வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் எந்திரன் படம் போட்டிருக்கிறார்கள். படம் முடிந்தவுடன் மகள் கேட்டாளாம்:

"ஏனுங்கப்பா, சிட்டி நம்மளைவிட நல்லாப் படிக்குது. கோபப்படுது, ஆசைப்படுது. அப்புறம் மனுசனுக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"அதுக்கு உசுரு இல்லையே கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். "உசுருன்னா என்னங்கப்பா?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. இவரிடம் பதில் இல்லை. கடிதத்தின் கடைசியில் தன் பங்குக்கும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நிட்டிங்கில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, கட்டிங்கிலும் வந்துவிட்டது. நான் உட்கார்ந்திருக்கும் மிஷினுக்கும் ஒரு சிட்டி வந்துவிடுமா?

இரண்டுமே நல்ல கேள்விகள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரின் மனதிலும் இவை இருக்கும். நாம் எல்லோரும் பார்த்த படங்களை வைத்தே இவற்றிற்குப் பதில் தேடலாம்.

ரோபோ என்ற பெயர் வந்த கதை

முதலில் பெயரைப் பார்ப்போம். ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்தது ஒரு நாடகம். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ல் ஆர்.யு.ஆர். என்ற நாடகத்தை எழுதினார். மனிதர்களைப் போன்ற தொழிலாளர்களை ஒரு தொழிற்சாலை தயாரித்து விற்கிறது. கடைசியில் அவர்கள் மனிதர்களுக்கு எதிராகக் கிளம்புகிறார்கள். செக் மொழியில் ரோபோட்டா என்றால் கட்டாய வேலை. நம் பழைய கல்வெட்டுகளில் கூலி இல்லாமல் செய்ய வேண்டிய வேலைக்கு வெட்டி என்று பெயர் வரும். ஏறக்குறைய அதே பொருள்தான். ஆக, ரோபோ கதைகள் தொடக்கத்திலேயே தொழிற்சாலைக் கதைகளாகத்தான் பிறந்தன. திருப்பூர்க்காரருக்கு இந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை.

தமிழில் இந்த வகைக் கதைகளை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய என் இனிய இயந்திராவில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், கேலி பேசும், யோசிக்கவும் தொடங்கும். எந்திரன் படத்தின் எழுத்துப் பணியிலும் அவர் இருந்தார். 2008 பிப்ரவரியில் அவர் மறைந்தார். ஷங்கர் இயக்கிய படம் 2010 அக்டோபர் 1ஆம் தேதி வெளியானது. இதன் தொடர்ச்சியான 2.0, 2018ல் வந்தது.

எந்திரன் படத்தைக் கவனமாகப் பார்த்தால், மனிதனுக்கும் இயந்திரத்திற்கும் நடுவே அது ஒன்றல்ல, மூன்று கோடுகள் போடுவது தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கோடு: சொன்னதை மட்டும் செய்வது

விஞ்ஞானி வசீகரன் தன் ரோபோவை அனுமதி பெறுவதற்காக நிபுணர் குழு முன் நிறுத்துகிறார். குழுவில் உள்ள போரா, வசீகரனையே குத்தும்படி சிட்டிக்குக் கட்டளை இடுகிறார். சிட்டி தயங்குவதில்லை. தன்னை உருவாக்கியவர் என்பதோ, குத்தினால் இறந்துவிடுவார் என்பதோ அதற்குப் பொருட்டில்லை. கட்டளை வந்தது, கை ஓங்கியது. அனுமதி மறுக்கப்படுகிறது.

இதே குணத்தை 1991ல் வந்த டெர்மினேட்டர் 2 படத்தில் கொஞ்சம் சிரிப்புடன் காட்டியிருப்பார்கள். யாரையும் கொல்லக் கூடாது என்று சிறுவன் ஜான் ரோபோவிடம் சத்தியம் வாங்குகிறான். சிறிது நேரத்தில் ரோபோ ஒரு காவலாளியின் காலில் சுடுகிறது. கேட்டால், அவர் சாக மாட்டார் என்று பதில் வருகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது. சொன்னவன் என்ன நினைத்துச் சொன்னான் என்பதுதான் அதற்குப் புரியவில்லை.

இது சினிமாவுக்காகச் சேர்த்த மிகை அல்ல. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

1. நோட்பேட் புரோகிராமைத் திறக்கவும். அதில் "கல்யாணத்துக்கு வந்தவர் கல் ஒன்றில் அமர்ந்து கல்வி பற்றிப் பேசினார்" என்று டைப் செய்திடவும்.

2. கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி ஹெச் கீயை அழுத்தவும். ஒரு சொல்லைத் தேடி இன்னொரு சொல்லாக மாற்றுவதற்கான இரு கட்டங்கள் கிடைக்கும்.

3. முதல் கட்டத்தில் கல் என்றும், இரண்டாவது கட்டத்தில் பாறை என்றும் அமைக்கவும்.

4. எல்லாவற்றையும் மாற்று என்பதற்கான ரீப்ளேஸ் ஆல் பட்டனில் கிளிக் செய்திடவும்.

என்ன கிடைக்கிறது? "பாறையாணத்துக்கு வந்தவர் பாறை ஒன்றில் அமர்ந்து பாறைவி பற்றிப் பேசினார்." கல்யாணம் பாறையாணம் ஆகிவிட்டது.

கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. க, ல் என்று சேர்ந்து வந்த இடத்தில் எல்லாம் நீங்கள் சொன்னதைச் செய்தது. முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் மாற்று என்று வேர்ட் போன்ற புரோகிராம்களில் நிபந்தனை போடலாம். அப்போது கல்யாணம் தப்பிக்கும். ஆனால் "கல்லில் அமர்ந்து" என்று எழுதியிருந்தால் அது மாறாமலேயே நின்றுவிடும். அதற்கு இன்னொரு விதி எழுத வேண்டும். எந்த விதியும் சொல்லித் தராமல் உங்கள் மகள் இதனைச் சரியாகச் செய்துவிடுவாள்.

குண்டடத்துக்காரர்களுக்கு இந்த விவகாரம் புதிதல்ல. அங்குள்ள வடுகநாத பைரவர் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மிளகு மூட்டை கொண்டு சென்ற வியாபாரி ஒருவரிடம் முதியவர் உருவில் வந்த பைரவர் கொஞ்சம் மிளகு கேட்டார். கொடுக்க மனமின்றி, மூட்டையில் இருப்பது பயறு என்று வியாபாரி பொய் சொல்லிவிட்டார். அப்படியே ஆகட்டும் என்று மூட்டை முழுவதும் பயறாகிவிட்டது. ரீப்ளேஸ் ஆல் போலத்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. வியாபாரி தவறை உணர்ந்து வேண்டியவுடன் பயறு மறுபடி மிளகானது. கம்ப்யூட்டரிலும் கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தினால் பழையபடி கிடைக்கும். நீங்கள் வருந்தினீர்களா என்று மட்டும் அது பார்ப்பதில்லை.

தீ விபத்துக் காட்சி

எந்திரன் படத்தில் பலருக்கு மறந்துபோன ஒரு காட்சிதான் அதன் மையம் என்று சொல்லலாம். சிட்டியின் பெருமையை நிரூபிக்க வசீகரன் அதனை ஒரு தீ விபத்தில் மக்களைக் காப்பாற்ற அனுப்புகிறார். பலரையும் காப்பாற்றுகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அந்தக் கோலத்திலேயே தூக்கிக்கொண்டு வந்து, ஊர் பார்க்க, டிவி கேமராக்கள் பார்க்க நிறுத்துகிறது. அந்தப் பெண் அவமானம் தாங்காமல் ஓடி, வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறாள்.

கட்டளை, உயிரைக் காப்பாற்று என்பது. சிட்டி காப்பாற்றியது. ஒரு துணியைப் போர்த்திக் கொண்டு வா என்று யாரும் சொல்லவில்லை. எந்த மனிதனுக்கும் அதனைச் சொல்ல வேண்டியிருக்காது. நெருப்புக்குள் புகுந்த பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கொடியில் கிடக்கும் போர்வையைத்தான் தேடுவார். மானம் என்பதற்கு எந்த மனிதனுக்கும் புரோகிராம் எழுதித் தர வேண்டியதில்லை.

சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரம் குறித்து 1843ல் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், அந்த இயந்திரம் தானாக எதனையும் தொடங்காது, நாம் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்றார். அதனை விளக்க அவர் எடுத்துக்காட்டியது ஒரு தறியைத்தான். துளையிட்ட அட்டைகளைப் பார்த்துப் பூ வேலைப்பாடு நெய்யும் ஜக்கார்டு தறி அது. பல்லடம் சுற்று வட்டாரத்தில் விசைத்தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள், கம்ப்யூட்டருக்குத் தறி ஒரு வகையில் பாட்டனார் முறை என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கோடு நகர்ந்துவிட்டது

இந்த முதல் கோடு மட்டும் போதும் என்றால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் எந்திரன் வந்த பின்னர் நிலைமை மாறிவிட்டது.

நோட்பேட் போன்ற புரோகிராம்கள் மனிதர் எழுதிய விதிகளின்படி இயங்குபவை. 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடியும், அதன் பின் வந்த உரையாடும் புரோகிராம்களும் வேறு வகை. இவற்றிற்கு ஒவ்வொரு விதியாக எழுதித் தருவதில்லை. மனிதர்கள் எழுதிய ஏராளமான எழுத்துகளைக் கொடுத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து கடிதம் எழுதுகிறது, கணக்குப் போடுகிறது, கேள்விக்குப் பதில் சொல்கிறது.

இப்படிப்பட்ட புரோகிராம் ஒன்றிடம் அந்தத் தீ விபத்தைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். போர்வை போர்த்தி அழைத்து வர வேண்டும் என்றே பெரும்பாலும் பதில் வரும். மனிதர்கள் மானத்தைப் பற்றி எழுதி வைத்ததெல்லாம் அதனுள் சென்றிருக்கிறது. ஆகவே, கம்ப்யூட்டருக்குச் சொன்னது மட்டும்தான் தெரியும் என்ற பழைய பதிலை உங்கள் மகளிடம் இப்போது முழு உறுதியோடு சொல்ல முடியாது. கேமராவுக்கு முன் நிற்க நேர்ந்தால் அந்தப் புரோகிராம் கூசிப்போகுமா என்பது வேறு கேள்வி. அதுதான் இரண்டாம் கோடு.

இரண்டாம் கோடு: உணர்ச்சி

தீ விபத்துக்குப் பிறகு வசீகரன் ஒரு மாத அவகாசம் வாங்கிச் சிட்டிக்கு உணர்ச்சிகளைக் கற்றுத் தர முயல்கிறார். சிட்டிக்குக் கோபம் வருகிறது. பின்னர் சனா மீது காதலும் வருகிறது. வெளிநாட்டுப் படங்களிலும் இதுதான் அதிகம் பேசப்படும் கோடு. 1982ல் வந்த பிளேட் ரன்னர் படத்தில் மனிதனைப் போலவே இருக்கும் செயற்கை மனிதர்களைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைப்பார்கள். பிற உயிர்களின் துன்பம் பற்றிக் கேள்வி கேட்டுக் கண்ணின் அசைவைப் பார்ப்பார்கள். இரக்கம் இருந்தால் மனிதன் என்று கணக்கு. ஆனால் படம் முடியும்போது செயற்கை மனிதன் ஒருவன், தன்னைக் கொல்ல வந்தவனையே காப்பாற்றுகிறான். கோடு அழிந்துபோகிறது.

உணர்ச்சி என்ற கோட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதனை வெளியிலிருந்து அளக்க முடியாது. நிட்டிங் மிஷினில் நூல் அறுந்தால் மிஷின் தானாக நிற்கும், விளக்கு எரியும். மிஷினுக்கு வலிக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. விளக்குக்குப் பதிலாக அதே இடத்தில் ஒரு ஸ்பீக்கர் வைத்து, பெண் குரலில் "அண்ணா, வலிக்குது" என்று சொல்ல வைத்தால்? உள்ளே இருப்பது அதே சென்சார்தான். ஆனால் நைட் ஷிப்டில் தனியாக நிற்கும் ஆபரேட்டர் அடுத்த முறை கொஞ்சம் மெதுவாகத்தான் நூலை முடிச்சுப் போடுவார்.

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 1966ல் எலிசா என்ற புரோகிராமை வெளியிட்டார். மனநல மருத்துவர் போலப் பேசும். நீங்கள் டைப் செய்த வாக்கியத்தில் முக்கியச் சொல்லைப் பிடித்து, அதனையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அது எப்படி உருவானது என்று கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், அதனுடன் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரையே அனுப்பிவிட்டாராம். இதனால் கலங்கிய வைசன்பாம் 1976ல் ஒரு புத்தகமே எழுதினார். சில முடிவுகளைக் கம்ப்யூட்டரால் எடுக்க முடிந்தாலும் அதனிடம் விடக்கூடாது என்பது அவர் வாதம்.

எலிசாவுக்கே அப்படி என்றால், இன்று நம் மொழியிலேயே ஆறுதல் சொல்லும் புரோகிராம்களிடம் குழந்தைகள் மனதைக் கொட்டுவதில் வியப்பில்லை. "எனக்குப் புரிகிறது" என்று மானிட்டரில் வரும் வரியையும், நூல் அறுந்த விளக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். இரண்டுமே உபயோகமானவை. இரண்டுமே உணர்ச்சிக்குச் சாட்சி அல்ல.

டெய்லரின் வேலை

இனி நம் வாசகரின் சொந்தக் கேள்விக்கு வருவோம். சினிமாவில் சிட்டி எல்லாமே செய்கிறது. பிரசவம் பார்க்கிறது, ரயிலில் சண்டை போடுகிறது. நிஜத்தில் ரோபோக்களுக்கு எது எளிது, எது கடினம் என்பது நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆராய்ச்சியாளர் இதனை 1988லேயே எடுத்துக்காட்டினார். பெரியவர்களுக்குக் கடினமான அறிவுச் சோதனைகள் கம்ப்யூட்டருக்கு எளிதாகின்றன. ஒரு வயதுக் குழந்தை செய்யும் பார்ப்பதும் பிடிப்பதும் நடப்பதும் கடினமாகின்றன.

1997ல் டீப் புளூ கம்ப்யூட்டர் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவை வென்றுவிட்டது. அமெரிக்கக் கார் தொழிற்சாலை ஒன்றில் 1961லேயே ரோபோ கை வேலைக்கு வந்துவிட்டது. ஆனால் டி ஷர்ட்டை இன்றும் பெரும்பாலும் மனிதர்களே உட்கார்ந்து தைக்கிறார்கள். காரின் தகடு விறைப்பாக இருக்கும். வைத்த இடத்தில் கிடக்கும். பனியன் துணி அப்படி இல்லை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சிங்கிள் ஜெர்சி துணியை வெட்டி வைத்தால் ஓரம் தானாகச் சுருளும். ஒரு ரோல் போல இன்னொரு ரோல் இருக்காது. கழுத்துப் பட்டியைச் சேர்க்கும்போது எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்று கேட்டால், பத்து வருடம் தைத்த டெய்லராலும் வாயால் சொல்ல முடியாது. விரல் சொல்லும். கைமடியாகச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்ற வித்தை அது.

இதற்காக, உங்கள் வேலைக்கு என்றைக்கும் ஆபத்து வராது என்று நாம் எழுதினால் அது உண்மையாகாது. துணி தைக்கும் ரோபோக்களுக்கான முயற்சிகள் நடக்கின்றன. பாக்கெட் தைத்தல் போன்ற சில வேலைகளுக்குத் தானியங்கி மிஷின்கள் இருக்கின்றன. துணியில் உள்ள ஓட்டையையும் கறையையும் கேமராவே கண்டுபிடிக்கும் மிஷின்களும் வந்துள்ளன. கை வேலையில் உள்ள வித்தியாசமும் நகரக்கூடிய கோடுதான். மெதுவாக நகர்கிறது, அவ்வளவுதான். ஆகவே கம்ப்யூட்டரை மகளுக்காக வாங்கியிருந்தாலும், நீங்களும் அதன் முன்னால் உட்காருங்கள். மிஷினுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த டெய்லருக்கு, எந்த மிஷின் வந்தாலும் பேச ஏதாவது இருக்கும்.

மூன்றாம் கோடு: கூண்டில் நின்றது யார்?

இதுவரை பார்த்த கோடுகளில் ஒன்று நகர்ந்துவிட்டது, இன்னொன்றை அளக்க முடியவில்லை. அப்படியானால் மகளின் கேள்விக்கு என்னதான் பதில்?

எந்திரன் படத்தின் கடைசிப் பகுதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். போரா, சிட்டிக்குள் சிவப்புச் சிப் ஒன்றைப் பொருத்துகிறார். சிட்டி கொலைகாரனாகிறது. தன்னைப் போலவே பல ரோபோக்களைச் செய்துகொள்கிறது. பலர் சாகிறார்கள். எல்லாம் அடங்கிய பிறகு வழக்கு நடக்கிறது. கூண்டில் நிற்பது யார்? வசீகரன். தூக்குத் தண்டனை விதிக்கப்படுவதும் அவருக்குத்தான். போரா சிப் பொருத்தியதைக் காட்டும் வீடியோ பதிவைச் சிட்டி நீதிமன்றத்தில் காட்டிய பின்தான் அவர் விடுவிக்கப்படுகிறார். சிட்டியைப் பிரித்துப்போடும்படி உத்தரவாகிறது. சிட்டி தன் பாகங்களைத் தானே கழற்றி வைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஆயுதம் பிடித்தது சிட்டி. ஆனால் நீ ஏன் செய்தாய், இதற்கு என்ன பதில் என்ற கேள்வி மனிதர்களை நோக்கியே வருகிறது. செய்தது வசீகரனா, சிப் பொருத்திய போராவா என்பதுதான் வழக்கு. சிட்டிக்குக் கிடைத்தது கழற்றி வைக்கும் உத்தரவு. கெட்டுப்போன மிஷினுக்கும் அதுதானே நடக்கும்?

1968ல் வெளியான 2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி படத்திலும் இதே கதைதான். விண்கலத்தை இயக்கும் ஹால் 9000 என்ற கம்ப்யூட்டர் பயணிகளைக் கொல்கிறது. ஏன் என்ற காரணம் 1984ல் வந்த அடுத்த பாகத்தில் தெரிகிறது. தகவலை மறைக்காமல் கொடுப்பதற்காக உருவாக்கப்பட்ட கம்ப்யூட்டருக்கு, பயணத்தின் நோக்கத்தைப் பயணிகளிடம் மறைக்கும்படி மேலிடம் கட்டளை கொடுத்திருந்தது. குளறுபடியின் வேர் கட்டளை கொடுத்தவர்களிடம் இருந்தது.

இதனைச் சினிமா பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. கம்பெனியில் தினமும் நடப்பதுதான். வெட்டிய பீஸ்களைக் கட்டுக் கட்டாகக் கொடுக்கும்போது எண் போட்டுக் கொடுப்பார்கள். செக்கிங்கில் தையல் விட்டுப்போன பீஸ் கிடைத்தால் ஆல்டர் என்று கட்டு திரும்பி வரும். எங்கே வரும்? அந்த எண்ணை வைத்துத் தைத்த டெய்லரிடம் வரும். மிஷின்தான் தையலை விட்டது என்று சொன்னாலும், மிஷின் சரியில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே என்பார் சூப்பர்வைசர். எந்தக் கட்டும் மிஷினிடம் திரும்பியதில்லை.

அதில் வலி இருக்கிறது. ஆனால் மரியாதையும் அதில்தான் இருக்கிறது. பதில் சொல்லக் கூடியவர் என்பதால்தான் உங்களைக் கேட்கிறார்கள். தவறு செய்தால் இரவு தூக்கம் போகும், அடுத்த கட்டில் கை தானாகக் கவனம் கொள்ளும். நன்றாகத் தைத்தால் அந்தப் பெருமையும் உங்களுடையது. மிஷினுக்கு இழக்க ஒன்றும் இல்லை. அதனால் அது பொறுப்பு ஏற்கவும் முடியாது. மற்றக் கோடுகளை டெக்னாலஜி நகர்த்தலாம். இந்தக் கோட்டை நாமே விட்டுக்கொடுத்தால்தான் போகும்.

விட்டுக்கொடுப்பதும் நடக்கிறது என்பதுதான் கவலை. "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்ற வார்த்தையைக் கவுன்டர்களில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அப்படிச் சொல்லும் மனிதர் அந்த நிமிடம் தன்னையே சிட்டியாக்கிக்கொள்கிறார். மிஷின் மனிதனாக மாறுவதைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. மனிதன் மிஷினாக மாறுவதற்குப் படம் தேவையில்லை.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான்கு விதிகள்

ரோபோக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ஐசக் அசிமோவ் தன் கதையொன்றில் 1942ல் மூன்று விதிகள் எழுதினார். அவை ரோபோக்களுக்கானவை. கம்ப்யூட்டர் வாங்கிய நமக்கும் சில விதிகள் வேண்டும்.

1. கம்ப்யூட்டர் எழுதித் தந்த கடிதத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். ஒரு வரி விடாமல் படித்த பிறகே போடுங்கள்.

2. உரையாடும் புரோகிராம்கள் தவறான தகவலையும் அழகான வாக்கியத்தில், சந்தேகமே இல்லாத தொனியில் தரும். மருந்து அளவு, பணம், சட்டம், பத்திரம் தொடர்பானவற்றை டாக்டரிடமோ வங்கியிலோ விவரம் அறிந்தவரிடமோ நேரில் கேட்டு உறுதி செய்திடவும்.

3. குழந்தை புரோகிராமுடன் பேசினால் திட்ட வேண்டாம். என்ன பேசியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டுப்பாடத்தை அதுவே எழுதித் தந்திருந்தால், "இதை டீச்சர் கேட்டால் நீ பதில் சொல்வாயா?" என்று மட்டும் கேளுங்கள். போதும்.

4. சொந்த விஷயங்களையும் பாஸ்வேர்டுகளையும் எந்தப் புரோகிராமிடமும் சொல்ல வேண்டாம். ரகசியம் காப்பாற்றாவிட்டால் வெட்கப்படுவதற்கு அங்கே ஆள் இல்லை.

மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில்

எந்திரன் படம் 2030ஆம் ஆண்டில் ஒரு மியூசியத்தில் முடிகிறது. கழற்றி வைக்கப்பட்ட சிட்டியைப் பார்க்கும் பள்ளிச் சிறுமி, ஏன் இதனைப் பிரித்துப்போட்டார்கள் என்று கேட்கிறாள். தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று சிட்டியே பதில் சொல்கிறது. படம் போட்ட கணக்கில் 2030 இப்போது அதிகத் தூரத்தில் இல்லை. கேள்வி கேட்கும் அந்தச் சிறுமி குண்டடத்தில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்.

ஆகவே அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சிட்டி நம்மைவிட வேகமாகப் படிக்கும். ஒருநாள் அப்பாவைவிட நன்றாகத் தைக்கவும் கூடும். கோபப்படுவது போலவும் அன்பு காட்டுவது போலவும் பேசும். ஆனால் ஒரு தவறு நடந்து, யார் செய்தது என்று கேட்டால், "நான்தானுங்க, இனிமேல் பார்த்துச் செய்கிறேன்" என்று எழுந்து நின்று சொல்லி, அந்தச் சொல்லுக்காக மறுநாள் காலையில் சீக்கிரம் வேலைக்குப் போவது மனிதன்.

அவள் அடுத்த கேள்வி கேட்பாள். கேட்கட்டும். பதில் கிடைத்தால் நமக்கும் எழுதுங்கள்.